சால்னா வாளி

மாதத்தில் ஒரு ஞாயிறு சிவகாசியிலிருந்து விருதுநகருக்குப் போய் எண்ணெய் பரோட்டா சாப்பிடாவிட்டால் அச்சாபீஸில் மிஷின் ஓடாது என்பதுபோல நடந்துகொள்வார்கள் எங்கள் வீட்டு ஆண்கள். என் கணவர் ராஜபாண்டியன், அவர் தம்பி காசிராஜன், இருவருமே அப்படித்தான். நானும் போவேன். என் கைப்பைக்குள் ஒரு எவர்சில்வர் டப்பாவும் வரும்.

டப்பாவில் இருப்பது என் மகள் ஹர்ஷினிக்கான இட்லி. அவளுக்கு எட்டு வயது. கோதுமை, மைதா, ரவை எதுவும் ஆகாது. துணுக்கு உள்ளே போனாலும் குடல் புண்ணாகும் என்று மதுரை டாக்டர் சொல்லி மூன்று வருடமாகிறது. எல்லோரும் மொறுமொறுவென்று பரோட்டாவைப் பிய்ப்பார்கள். அவள் ஆறிப்போன இட்லியைத் தின்றபடி அடுத்தவர் இலையைப் பார்ப்பாள். எனக்கு வயிறு எரியும். ஆனால், "ஞானசுந்தரி மாதிரி பிள்ளையப் பாத்துக்கிட ஆளு ஏது!" என்று சொந்தக்காரர்கள் என்னைப் பற்றிப் பேசும்போது உள்ளுக்குள் இனிக்கும். அதையும் மறைப்பானேன்.

போன ஆவணியில் காசிராஜனுக்கு மனைவியாக வந்தவள் செல்வரதி. பகலெல்லாம் அச்சாபீஸில் காலண்டர் டிசைன் பார்ப்பவள். இந்த தை மாதம் கடைசி லோடு ஏற்றி முடித்ததும் ஒருநாள் தானே விருதுநகர் போய்ப் பரோட்டாக் கடைக்காரரிடம் பேசிவிட்டு வந்தாள். புதுத் தோசைக்கல் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். பின்கட்டில் தனி அடுப்பு, தனிக் கரண்டி. மாவு நம் வீட்டிலிருந்து போகும்.

"பிள்ளையும் நம்மகூட உக்காந்து சுடச்சுடச் சாப்பிடட்டும்க்கா. நீங்க டப்பா கட்ட வேண்டாம்."

மூன்று வருடத்தில் ஒரு நாளாவது 'நான் என்ன செய்யட்டும்' என்று என்னிடம் கேட்காத என் கணவர், "ரதிக்கு எம்புட்டு மூளை பாத்தியா!" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருடம் கண்விழித்தவள் நான். ஒரு தோசைக்கல்லை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேரைத் தட்டிக்கொண்டு போகிறாள் இவள்.

சனிக்கிழமை அடுக்களையில் அவள் கேட்டாள். "தோசை சரிக்கா. வேற எதும் பாக்கணுமா?"

"நீதான் எல்லாம் விசாரிச்சிட்டியே," என்றேன்.

எனக்குத் தெரியும். இரண்டு வருடம் முன்பு அம்மா வீட்டிலிருந்து திரும்பும்போது நானும் ஹர்ஷினியும் மட்டும் அதே கடையில் ஏறினோம். சால்னா வேண்டுமென்று அழுதாள். இட்லிதானே என்று ஊற்றிவிட்டேன். ஒரு வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். நான்காம் நாள் பஸ் ஏறிப் போய் மாஸ்டரிடம் கேட்டேன். "கெட்டியா நிக்கணும்லா? கொஞ்சம் மைதா கரைச்சு ஊத்துவோம்," என்றார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. பெற்றவளே கொடுத்தாள் என்ற பேர் எனக்கு வேண்டாம். தூங்குகிறாள் என்று நினைத்து, மடியில் கிடந்த பிள்ளையிடம் மட்டும் சொல்லிச் சொல்லி அழுதேன்.

ஞாயிறு சாயங்காலம் கிளம்பும்போது டப்பாவைப் பைக்குள் வைத்தேன். உள்ளே கறிக்குழம்பு. சால்னா வாளி வரும்போது 'நிறுத்து' என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும், டப்பாவைத் திறக்க வேண்டும். யார் அம்மா என்று அப்போது தெரியட்டும்.

கடையில் ஹர்ஷினி என் பக்கத்தில் உட்காரவில்லை. சித்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் இலை போட்டார்கள். முட்டைத் தோசை ஆவி பறக்க வந்து விழுந்ததும் ஒரு சிரிப்பு சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு என் சமையலுக்குக் கிடைத்ததே இல்லை. முதல் விள்ளலைப் பிய்த்து, "சித்தி, ஆ காட்டு," என்று அவள் வாயில் வைத்தாள்.

வாளி வந்தது. "பாப்பாவுக்கு சால்னா ஊத்தட்டுமா?" என்றார் சப்ளையர். செல்வரதி தலையாட்டினாள்.

நான் பேச வேண்டிய நேரம் அதுதான். ஒரு சொட்டு விழட்டுமே, ஒரு நாள் வலிக்கட்டுமே, அப்புறம் சித்தி சித்தி என்று போவாளா என்று ஒரு நினைப்பு ஓடியது. ஓடவில்லை என்று சொன்னால் பொய். கரண்டி சாய்ந்தது.

இலைக்கு மேல் ஒரு சின்னக் கை குறுக்கே வந்தது.

"சால்னா வேண்டாம். அதுல மைதா இருக்கு."

"ஆமா பாப்பா, கெட்டிக்குப் போடுவோம்," என்றார் சப்ளையர். செல்வரதிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஆத்தாடி! உனக்கு யாருடா சொன்னா?"

"அம்மாதான். அன்னைக்கு எனக்கு வயிறு வலிச்சப்ப அழுதுக்கிட்டே சொன்னாக." என் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, மறந்துட்டியா?"

என் கணவரின் கை பரோட்டாவில் அப்படியே நின்றது. பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தேன். குழம்பு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. செல்வரதி டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மறந்தவள் குழம்பு கட்டிக்கொண்டு வரமாட்டாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, நேத்தே கேட்டேனே," என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவள் குரல் நடுங்கியது.

பிறகு மற்றவர்களைப் பார்த்து, "நல்லவேளை, அக்கா கொளம்பு கொண்டாந்திருக்காக," என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் தோசைமேல் ஊற்றினாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் காட்டிக்கொடுத்திருப்பேன். அதற்கும் சேர்த்து அவள்மேல் பொறாமையாக இருந்தது.

ஹர்ஷினி குழம்பில் தோசையைத் தொட்டுத் தொட்டுத் தின்றாள். பாதித் தோசையில் நிமிர்ந்து, "அடுத்த மாசம் மறக்காமச் சொல்லிரும்மா. சித்திக்குப் பாவம், ஒண்ணும் தெரியாதுல்ல," என்றாள்.

"சொல்லிருதேன்," என்றேன். பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.