வெள்ளைத் துண்டு வீசும் முன்

பொன்னுத்தங்கத்துக்கு விடிந்ததிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. ஒன்பது வருசத்துக்கு அப்புறம் கண்மாயில் மீன்பிடி. பட்டாசுக் கம்பெனி வேன் வந்து ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு, காலியாகவே ஏழாயிரம்பண்ணைக்குத் திரும்பியது.

அவள் வேம்பார்க் கடற்கரையில் பிறந்தவள். சங்கிலிமுத்துவுக்கு வாக்கப்பட்டு இந்தக் கரிசல் காட்டுக்கு வந்து மூன்று வருசம். களை எடுக்க வராது; வெடிக்குத் திரி வைத்தாலும் கோணல். பக்கத்து வீட்டுக் கருப்பம்மாளின் கேலிக்கு அளவே இல்லை. இன்றைக்காவது தன் கை என்ன கை என்று காட்டிவிட வேண்டும்.

மீன்மேல் கவிழ்த்துப் பிடிக்கும் அடியில்லாத மூங்கில் கூடைகளோடு ஊர் மொத்தமும் கரையில் நின்றது. பெரியவர் ஒச்சப்பன் வெள்ளைத் துண்டை வீசிய பிறகுதான் யாரும் இறங்கலாம். இருக்கன்குடி அம்மன் இருக்கும் திசையைக் கும்பிட்ட மனுசன் கண்ணைத் திறப்பதாக இல்லை.

அப்போது மடைப்பக்கம் தண்ணீர் சிலிர்த்தது. கெண்டைக் கூட்டம்! அவள் பிறந்த ஊரில் கூட்டத்தை முதலில் கண்டவர் கத்திக்கொண்டு ஓட வேண்டும். பார்த்தும் சும்மா நின்றால்தான் குற்றம்.

"மீனு! மீனு!"

கத்தியபடி இடுப்பளவு தண்ணீருக்குள் போய்விட்டாள். பின்னால் ஒரு காலடிச் சத்தம்கூட இல்லை. திரும்பினாள். ஊரே அசையாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கரையேறு தாயி," என்றார் ஒச்சப்பன். "இந்த வருசம் உங்க வீட்டுக் கூடை நனையக் கூடாது."

சங்கிலிமுத்து கூடையை ஓரமாகக் கவிழ்த்து வைத்தான். அவளுக்கு உயிரே போய்விட்டது.

துண்டு பறந்தது. ஊர் இறங்கி நடுக் கண்மாயைச் சேறாக்கியது. அகப்பட்டதெல்லாம் பொடிக் குஞ்சு. பெரிய மீன் மடையில் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சொல்ல வேண்டுமா, இவர்களுக்கு? எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை.

"மதினி, அங்கன இல்ல! மடைக்குப் போங்க, மடைக்கு!"

கருப்பம்மாள்தான் முதலில் ஓடினாள். அவள் பின்னால் ஊர் ஓடியது.

வெயில் ஏறியபோது கருப்பம்மாள் சேறும் சகதியுமாகக் கரையேறி வந்தாள். கை நீள விரால் ஒன்றைப் பொன்னுத்தங்கத்தின் மடியில் போட்டாள்.

"கூடை நனையக் கூடாதுன்னுதான சொன்னாக? திங்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே. பிடி ஆத்தா!"

விரால் துள்ளியது. யோசிக்கும் முன்னே அவள் ஒரு கை அதை அமுக்க, மறு கை விரல்கள் செவுளுக்குள் போய்ப் பிடித்துக்கொண்டன. அமுக்கிய கையை முகத்தருகே கொண்டுபோனாள். மூன்று வருசமாக எந்தச் சோப்புக்கும் போகாத வெடிமருந்து வாடை இல்லை, மீன்தான் மணத்தது. அத்தனை பேர் முன்னாலும் விக்கி விக்கி அழுதாள். மீனை மட்டும் விடவில்லை.