இறக்கைத் தாள்

"நூறு எண்ணு. அதுக்கு முன்ன கையை எடுக்காத."

மகள் எண்ணினாள். இடது கையில் காகித விமானத்தின் உடம்பு, வலது கையில் இறக்கை. இரண்டையும் சேர்த்து அழுத்தியிருந்த விரல்களில் பசை காய்ந்து தோலை இழுத்தது. எழுபதைத் தாண்டும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நூறு முடிந்து கையை எடுத்ததும் இறக்கையின் பின்பக்கம் விட்டுக்கொண்டு எழும்பியது. உடம்பின் அடியில் இறக்கைக்காக விட்டிருந்த பள்ளம் பெரிதாகவும் இறக்கை சின்னதாகவும் இருந்தன. மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். பசைக்கு அது பாலம் கட்ட முடியாத தூரம்.

மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்த அப்பா அதைப் பார்த்தார். மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் சிலிண்டர். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மூச்சு வாங்கினார்.

"விடு. கை போச்சு எனக்கு. தப்பா வெட்டியிருக்கேன்."

"தப்பா எல்லாம் வெட்டலப்பா."

"பின்ன அதுவா சுருங்குச்சா?"

அதுவாகத்தான் சுருங்கியிருந்தது.

அப்பா விமானத்தில் சரக்கு ஏற்றியவர். முப்பத்தொரு வருஷம். வால் தரையில் உட்கார்ந்து மூக்கு வானம் பார்க்கும் பழைய இரண்டு இன்ஜின் விமானம் அது. நிற்கும்போதே உள்ளே தரை ஏற்றமாக இருக்கும். மூட்டையைக் கதவு வழியாக ஏற்றியதும் வேலை முடிந்துவிடாது. அங்கிருந்து மூக்குவரை மேட்டில் தள்ள வேண்டும். கழுதை என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்பா ஒருநாளும் அதில் பறந்ததில்லை. கதவைச் சாத்தியதும் இறங்கி ஓடிவந்து, அது கிளப்பும் புழுதியைத் தின்றதோடு சரி. அந்தப் புழுதியும் சிமெண்டும் மாவும்தான் இப்போது நெஞ்சில் இருக்கிறது என்று டாக்டர் படம் பிடித்துக் காட்டினார்.

அவரிடம் பெருமை என்று ஒன்று இருந்தால் அது கைதான். மூட்டையைத் தொட்டுத் தூக்கும்போதே எடை சொல்வார். ஒருமுறை, தாளில் ஐம்பது என்று போட்டிருந்த மூட்டைகளை அறுபதுக்குக் குறையாது என்று சொல்லி ஏற்ற மறுத்தார். மேலதிகாரி கத்தினார். எடை போட்டார்கள். அறுபத்திரண்டு. அத்தனையும் வால் பக்கம் போயிருந்தால் கழுதை ஓடுபாதை முனையிலேயே மூக்கைத் தூக்கி மல்லாந்து விழுந்திருக்கும். அதற்குப் பிறகு விமானிகளே கிளம்புவதற்கு முன் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் தலையாட்டினால்தான் இன்ஜின் போடுவார்கள். அந்த முப்பத்தொரு வருஷத்தில் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே கதை இதுதான்.

ஆறு வாரத்துக்கு முன் அவளே கொண்டுவந்து கொடுத்த வேலை இது. படுத்தே கிடக்கவிடாமல் உட்கார வையுங்கள் என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. எதிரில் ஒரு பிரிண்ட் கடை. கடைக்காரப் பெண் கம்ப்யூட்டரில் தேடி, கழுதையையே காகிதத்தில் வெட்டி ஒட்டும் படங்களை எடுத்துக் கொடுத்தாள். ஒன்பது கெட்டித் தாள். அப்பா முதலில் வாங்கித் தூரப் போட்டார். மறுநாள் கதவு தப்பான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க எடுத்தார். கதவு சரியான இடத்தில் இருந்தது. அன்று சாயங்காலமே கத்தரிக்கோல் கேட்டார்.

நாலு நாளைக்கு முன், வெட்டிய மிச்சத்தைக் கூட்டி அள்ளும்போது அவள் பார்த்தாள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு கோடு. பக்கத்தில் ஐந்து சென்டிமீட்டர் என்று அச்சிட்டிருந்தது. சும்மா அளவுகோலை வைத்தாள். உடம்புத் தாள்களில் சரியாக ஐந்து. இறக்கைத் தாள்கள் நாலிலும் நாலு புள்ளி எட்டு. கடையில் முதல் மெஷினில் மை தீர்ந்து, கடைசி நாலு தாளை வேறு மெஷினில் போட்டது ஞாபகம் வந்தது.

சொல்லியிருக்கலாம். சொன்னால் நாலு தாளும் புதிதாக அடித்து, திரும்ப வெட்டி, திரும்ப ஒட்ட வேண்டும். அதற்கு அவரிடம் மூச்சு இருக்கிறதா என்று நினைத்தாள். அவருக்காக யோசிக்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டாள். திட்டு விழும் என்ற பயமும் அதில் பாதி இருந்தது. நாற்பத்து மூன்று வயதில் அப்பனுக்குப் பயம். அந்த நாலு நாளில் அவர் சாப்பாட்டைக் குறைத்தார், பிறகு விட்டார். சேராத இறக்கையை வைத்துவிட்டு, கையை மட்டும் வெளிச்சத்தில் தூக்கித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படிக்கட்டில் இரும்பு முட்டும் சத்தம் கேட்டது. நெட்டை மாமா. அப்பாவோடு மூட்டையின் மறுமுனையைப் பிடித்தவர். புது சிலிண்டரைத் தோளில் வைத்து இரண்டு மாடி ஏறி வந்து இறக்கினார்.

"என்னடா குள்ளா, இன்னும் கிளம்பலையா?"

"நீ வழிவிட்டாத்தானே. வாசலை அடைச்சுட்டு நிக்கிற."

"போறதுக்குக் கழுதையைக் கட்டிட்டிருக்கியாக்கும். வாழ்க்கை பூரா இந்தச் சனியன் வயித்துக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு முதுகு வளைஞ்சுச்சு. இப்ப வீட்டுக்குள்ளயும் கொண்டாந்துட்டியே."

"உனக்கு முதுகு வளைஞ்சுச்சு. நான் நிமிந்துதான் நடந்தேன்."

"உன் உயரத்துக்கு நீ பெட்டிக்குள்ளயே நிமிந்து நடப்ப."

அப்பா சிரிக்கப் பார்த்தார். இருமலாகிவிட்டது. அடங்கியதும் பிரிந்து கிடந்த இறக்கையைக் காட்டினார்.

"கை போச்சுடா நெட்டை."

மாமா இறக்கையை எடுத்து உடம்பில் வைத்துப் பார்த்தார். இடைவெளியைப் பார்த்தார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"விடுடா. நம்ம வயசுல யாருக்குக் கை நிக்குது? எனக்குச் சோறு அள்ளினா பாதி சட்டைக்குத்தான் போகுது."

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமா பழைய சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு வர இறங்கினார். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அப்பா. உங்க கை தப்பில்ல. பிரிண்ட் தப்பு. இறக்கை நாலு தாளும் சின்னதா வந்திருக்கு. நான்தான் பாக்காம வாங்கிட்டு வந்தேன்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"எப்பத் தெரியும்?"

"நாலு நாள் ஆச்சு."

"நாலு நாளா தெரிஞ்சு, இன்னைக்கு நூறு எண்ணுனியா?"

அவள் அளவுகோலையும் மிச்சத் தாளையும் நீட்டினாள். "இங்க பாருங்க. இது அஞ்சு இருக்கணும்."

அவருக்கு இப்போதெல்லாம் அளவுகோலின் பொடிக் கோடு தெரிவதில்லை. தாளைத் தள்ளிவிட்டார். கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சின்னப் பிள்ளையில் அவள் பொய் சொன்னால் இப்படித்தான் தள்ளுவார்.

"எனக்குச் சமாதானம் சொல்றதுக்கு இப்படி ஒரு கதை கட்டாத. நெட்டையே பாத்துட்டுச் சொன்னானே."

"சத்தியமாப்பா."

"சரி," என்றார். "சரி, பிரிண்டுதான் தப்பு. போதுமா?"

நெட்டை மாமாவைக் கூப்பிட்டு அளந்து காட்டச் சொல்லலாம். இரண்டு பேரும் சேர்ந்து நாடகம் என்பார். கோடு தெரியாதவருக்குக் கையில்தான் காட்ட வேண்டும். சரியான தாளை அடித்து வந்து இறக்கையை வெட்டி, பழைய இறக்கையை அதன்மேல் வைத்து, அவர் கட்டை விரலை ஓரத்தில் தடவ வைத்தால் போதும். பன்னிரண்டு கிலோ வித்தியாசத்தைக் கண்டுபிடித்த கைக்கு இந்த மூன்று மில்லிமீட்டர் தட்டாதா?

மாமாவை உட்கார வைத்துவிட்டு ஓடினாள். பஸ் கிடைத்தது. கடையில் இரண்டு பேர் முன்னால் நின்றார்கள். அவர்களை இடித்துக்கொண்டு போய், சொல்லவேண்டியதைச் சொன்னாள்.

கடைக்காரப் பெண் திரையைப் பார்த்தாள். "அந்த மெஷின் பேப்பருக்கு ஏத்த மாதிரி சுருக்கிரும்க்கா. அன்னைக்கே கேட்டேனே, கொஞ்சம் சின்னதா வரும், பரவால்லையான்னு. நீங்கதான், பஸ் போயிரும், சட்டுனு குடுன்னீங்க."

அவளுக்கு ஞாபகம் இல்லை. அப்படிச் சொல்லியிருப்பாள். தினமும் நாலு பேரிடம் அப்படித்தான் சொல்கிறாள்.

"இப்ப அளவு மாறாம குடு."

நாலு தாள் வந்தது. அங்கேயே அளவுகோலை வைத்தாள். ஐந்து. தாள் மடங்கக் கூடாது என்று அட்டை கேட்டு வாங்கி, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து மார்போடு பிடித்துக்கொண்டாள். திரும்புகிற பஸ் வர இருபது நிமிஷம் ஆனது. அதுவும் நெரிசலில் நின்றதும் பாதி வழியில் இறங்கி நடந்தாள். நடந்ததும் ஓடியதும் ஒன்றுதான். எந்த நேரத்தையும் அது மிச்சம் பிடிக்கவில்லை.

நெட்டை மாமா முதல் மாடிப் படியில் நின்றிருந்தார். அவ்வளவு உயரமான மனுஷன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்பத்தாம்மா," என்றார். "கால் மணி நேரம்கூட ஆகல."

அவள் மேலே போனாள். குழாயை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். மூக்கின் இரண்டு பக்கமும் அதன் தடம் இருந்தது. சிலிண்டரை மூட மறந்திருந்தார்கள். சீறிக்கொண்டிருந்தது. அவள் திருகி மூடினாள்.

"எதுவும் சொன்னாரா மாமா?"

"இல்ல. கையைப் பாத்துட்டே இருந்தான். தண்ணி வேணுமாடான்னேன். தலையாட்டுனான். எடுத்துட்டுத் திரும்புறதுக்குள்ள..."

மாமா அவள் கையிலிருந்த அட்டைகளைப் பார்த்தார். "அது என்ன?"

அவள் சொன்னாள். மேசையிலிருந்த பழைய இறக்கையை எடுத்து, புதுத் தாளில் அச்சாகியிருந்த இறக்கையின்மேல் வைத்துக் காட்டினாள். மாமா குனிந்து, விரலை ஓரத்தில் ஒருமுறை ஓட்டினார்.

"ஆமா. சின்னதாத்தான் இருக்கு." உடனே நம்பிவிட்டார். "அவன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"சரின்னாரு."

மாமா மோட்டுவளையைப் பார்த்தார். தான் காலையில் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கட்டில்பக்கம் போகாமல் ஜன்னல் அருகே போய் நின்றார்.

பக்கத்துத் தெரு கிளினிக்கிலிருந்து கம்பவுண்டர் வந்தார். வேலைக்கு நடுவில் வந்திருந்தார். மணிக்கட்டைப் பிடித்தார், கண்ணில் டார்ச் அடித்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"டாக்டர் சாயங்காலம் வந்து பாத்துட்டு சர்டிபிகேட் குடுப்பாரு. விவரம் குறிச்சுக்கறேன். பேப்பர் ஏதாச்சும் இருக்குதாம்மா?"

அவள் சுற்றிப் பார்த்தாள். மேசையில் வெட்டுத் துண்டுகள்தான் கிடந்தன. அட்டைக்கு நடுவிலிருந்து ஒரு புது இறக்கைத் தாளை உருவி, பின்பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

கம்பவுண்டர் அதைச் சுவரில் வைத்து எழுதினார். பெயர், வயது, நேரம்.

"என்ன வேலை பாத்தாரு?"

"லோடிங்," என்றார் மாமா, ஜன்னலிலிருந்து திரும்பாமல்.

"கூலி வேலை," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். கெட்டித் தாளாக இருந்ததால் மடிப்பு சரியாக விழவில்லை. நகத்தால் அழுத்தித் தேய்த்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.