விபூதி போட்டுத் தேய்த்த பாத்திரம்

எனக்கு வாய் நீளம். சித்தூரில் எங்கள் சபையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். "இயேசுதாசன் தங்கமான மனுஷன், ஆனா அவன் பொண்டாட்டி ஈவ்லின் இருக்குதே..." என்று இழுப்பார்கள். இழுக்கட்டும், எனக்கென்ன. கோயிலைப் பெருக்கி, பூட்டி, மணி அடிப்பது என் வீட்டுக்காரரின் வேலை. அதற்காகக் கோயிலுக்குப் பின்னாலேயே ஓர் அறையும் சமையல்கட்டும் கொடுத்திருக்கிறார்கள். பதினேழு வருடமாக அங்கேதான் இருக்கிறோம். எங்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

சபை செகரட்டரி ஜோஷுவாவுக்கு அந்த அறை மேல் ஒரு கண். தன் மச்சானை அங்கே குடிவைக்க வேண்டுமென்று இரண்டு வருடமாக ஏதாவது ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை அவர் ஒரு துணிப்பையோடு வந்தார். உள்ளே திருவிருந்துப் பாத்திரம், திராட்சரசம் ஊற்றும் பெரிய கிண்ணம். கொரோனா வந்த பிறகு ஆளுக்கொரு சின்ன பிளாஸ்டிக் கப் என்று ஆகிவிட்டதால், இதைச் செய்தித்தாளில் சுற்றி பீரோவில் போட்டிருந்தார்கள். மறுநாள் ஆராதனைக்கு பிஷப் வருகிறார், பழையபடி ஒரே பாத்திரத்தில்தான் கொடுப்பேன் என்று போனில் சொல்லிவிட்டாராம். தாளைப் பிரித்தால் அடுப்புக்கரி மாதிரி இருந்தது.

"சுத்த வெள்ளி இது. வெள்ளக்காரன் குட்த்தது. நாளைக்கு கண்ணாடியாட்டம் மின்னணும். இதுக்கு ஒண்ணு ஆச்சு, உன் புருஷன் வேற எடம் பாத்துக்கினு போவலாம்" என்றார்.

"கறுத்துப் போறவரைக்கும் பீரோவுல வெச்சது நானா சார்?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. அவர் முறைத்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஐயர் வந்தார். ஐயர் என்றால் எங்கள் போதகர். நல்லவர், ஆனால் தன் நிழலைப் பார்த்தே பயப்படுவார். "ஈவ்லின், அது வெள்ளி இல்லம்மா. பித்தளை மேல முலாம் பூசினது. அழுத்தித் தேய்ச்சுடாத" என்று மெதுவாகச் சொன்னார்.

"இத செகரட்டரிகிட்ட சொல்றதுதானே ஐயா?"

"சொன்னா கேக்கற ஆளா அவரு?" என்று சொல்லி நழுவிவிட்டார்.

என் வீட்டுக்காரரும் இல்லை. பிஷப்பை ரயிலிலிருந்து அழைத்துவர விடிகாலையிலேயே காரில் திருப்பதி போய்விட்டார். நானேதான் ஏதாவது செய்தாக வேண்டும். செல்போனில் பார்த்தபடி டப்பில் அலுமினியத்தாளை விரித்து, வெந்நீர் ஊற்றி, உப்பும் சமையல் சோடாவும் போட்டுப் பாத்திரத்தை முக்கினேன். அழுகின முட்டை நாற்றம் குப்பென்று வந்தது. அரை மணி நேரத்தில் வெளிப்பக்கம் வெளுத்துவிட்டது. ஆனால் அடியில் செதுக்கியிருந்த திராட்சைக் கொடி அப்படியே கறுப்பாக நின்றது. புளி போட்டால் போய்விடும். கூடவே முலாமும் போய்விட்டால்?

மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக் கல்பனா எட்டிப் பார்த்தாள். ஆட்டோ ஓட்டும் ரமணாவின் மனைவி. "ஏமி அக்கா, காலையிலேர்ந்து அதையே கட்டிக்கினு கீறே?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அய்ய, இதுக்கா இம்மாம் பாடு? வெள்ளிக்கு விபூதிதாங்கா. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம எங்க வெளக்க அதுலதான் தேய்க்கிறேன். மாவு மாதிரி இருக்கும், கீறவே கீறாது. இரு, காளஹஸ்தியிலேர்ந்து கொண்டாந்தது கீது."

"அடிப்பாவி, கோயில் பாத்திரத்துக்கு விபூதியா?"

"சாம்பல்தானேக்கா. தேய்ச்சிட்டு கழுவிட்டா யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியுமே. அவள் மதிலுக்கு மேலே நீட்டிய பொட்டலத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டே நின்றேன். பிறகு, வீட்டை விட்டுத் துரத்தினால் எந்தச் சாமி வந்து வாடகை கொடுக்கும் என்று தோன்றியது. பழைய வேட்டித் துணியை நனைத்து, விபூதியைத் தொட்டு, குழந்தைக்குக் கன்னம் துடைப்பது போலத் தேய்த்தேன். ஒவ்வோர் இலையாக வெள்ளை வெளேரென்று எழுந்து வந்தது. ஐயோ, எனக்கு வந்த சந்தோஷம்! என் கையாலேயே செய்தேனா என்று இருந்தது.

"இது இன்னா வாசன?"

திரும்பினால் செகரட்டரி வாசலில் நிற்கிறார். என் விரல்களெல்லாம் வெள்ளை. பக்கத்தில் கோபுரப் படம் போட்ட பொட்டலம். மறைக்க எங்கே நேரம்?

"விபூதியா? ஆண்டவரோட பாத்திரத்துல விபூதியா?" பாத்திரத்தையும் பொட்டலத்தையும் பிடுங்கிக்கொண்டார். "நாளைக்கு பிஷப் முன்னாடியே வெச்சிக்கிறேன் உன்ன. இத மொதல்ல என் வூட்ல சுத்தம் பண்ணணும்."

"சார், அழுத்தித் தேய்க்காதீங்க, அது முலாம்..."

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திருப்பதியில் இருந்த என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். ஸ்டேஷனில் மொட்டைத் தலைகளின் கூட்டம், ரயில் இரண்டு மணி நேரம் லேட் என்று கத்தினார். நான் நடந்ததைச் சொன்னேன். "ஏன் ஈவ்லின் இப்பிடி?" என்றார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிட்டார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு எங்கள் இருவரையும் ஆலயத்தின் பக்க அறைக்குக் கூப்பிட்டார்கள். பிஷப் நாற்காலியில் இருந்தார். ஐயர் சுவரோரம் நின்றார். செகரட்டரி விபூதிப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். என் குற்றத்தை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"உண்மையாம்மா?" என்றார் பிஷப்.

"உண்மைதாங்க ஐயா. தெரிஞ்சேதான் செஞ்சேன். பாத்திரம் வீணாவக்கூடாதுன்னு செஞ்சேன்."

"பாத்திரத்தைக் காட்டுங்க."

செகரட்டரி பையிலிருந்து எடுத்துத் துணியைப் பிரித்தார். பிரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். விளிம்பு முழுக்க மஞ்சள். நடுவில் தேமல் போலத் திட்டுத்திட்டாக மஞ்சள். திராட்சைக் கொடியில் பாதி இலைகளைக் காணோம்.

"மாத்திட்டா!" என்று கத்தினார். "சுத்த வெள்ளி அது! பித்தளைய வெச்சிட்டு வெள்ளிய வித்துட்டா! போலீஸ கூப்புடுங்க!"

"இல்ல, அது முலாம்தான்..." என்று ஐயர் முனகினார்.

"நீங்க வந்து ரெண்டு வருஷம், உங்களுக்கு இன்னா தெரியும்? சும்மா இருங்க ஐயரே!"

திருடி என்றால் வீடு மட்டுமா போகும்? இந்த ஊரில் எந்த முகத்தோடு நடப்பேன்? என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஈவ்லின்... நீ?" என்றார். பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

என் நீளமான வாயில் ஒரு சொல் வரவில்லை.

"நான்தான் தேய்ச்சேன்."

சொன்னது யாரென்று எல்லோரும் திரும்பினோம்; கதவருகே செகரட்டரியின் மனைவி சுகிர்தம் அக்கா நின்றிருந்தார். பீடத்துக்குப் பூ கொண்டுவந்தவர், கூடையைக் கீழேகூட வைக்கவில்லை.

"நீ சும்மா இரு" என்றார் செகரட்டரி.

"நேத்து முச்சூடும் சும்மாத்தான் இருந்தேன்." அக்கா பிஷப்பைப் பார்த்தே பேசினார். "விபூதி வாசன போறவரைக்கும் தேய்ன்னாருங்க. புளி போட்டேன். அப்பறம் பாத்திரம் வெளக்குற பவுடரு, கம்பி நாரு. மூணு வாட்டி தேய்ச்சேன். மஞ்சளா தெரியுதுங்கன்னு சொன்னேன். அது பல்பு வெளிச்சம்டி, தேய்ன்னாரு." கூடையைப் பிடித்திருந்த விரல்களில் கம்பி கிழித்த கோடுகள் சிவப்பாகத் தெரிந்தன. "அந்தப் பொண்ணுகிட்டேர்ந்து வந்தப்போ நல்லா வெள்ளையாத்தான் இருந்துச்சுங்க."

செகரட்டரி பாத்திரத்தையே வெறித்தார். பிஷப் எழுந்து அதை அவர் கையிலிருந்து வாங்கி என்னிடம் நீட்டினார்.

"நல்லா அலசிக் கொண்டாம்மா. இன்னைக்கு இதுலதான் குடுக்கப் போறேன்" என்றார். பிறகு செகரட்டரியிடம், "அவங்க வீட்டைப் பத்தி இனிமே பேச்சே வரக்கூடாது" என்றார்.

நான் பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். தண்ணீர் திறந்த கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "வீடு தப்பிச்சிது ஈவ்லின்" என்றார். நான் பாத்திரத்தைத் தண்ணீருக்கடியில் திருப்பிப் பிடித்தேன்.

"நான் உன்ன ஒண்ணும் கேக்கலியே."

"கேக்க வாயெடுத்தீங்க."

"போலீஸுன்னதும் பயந்துட்டேன்."

"நானும்தான் பயந்தேன்" என்றேன். "பயந்துட்டு நான் உங்களத்தான் பாத்தேன்."

உள்ளேயிருந்து யாரோ நேரமாகிவிட்டதென்று குரல் கொடுத்தார்கள்.

"போங்க, போய் மணி அடிங்க" என்றேன். அவர் போன பிறகும் குழாயை மூடாமல் அலசிக்கொண்டே இருந்தேன்.