மாடு குறுக்கே வந்ததால்

“மாடு குறுக்கே வந்ததால்னு போட்டிருக்கேன். சரிதானம்மா?” என்று ஏட்டு கேட்டபோது அமுதவல்லி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்திருந்தாள். கேட்டதும் மூடிவிட்டாள்.

“என்ன மாடு சார்?”

“ஏதோ ஒரு மாடும்மா. நம்ம ரோட்டுல மாட்டுக்கா பஞ்சம்?”

காலை ஆறரை மணிக்குக் கொடும்பாளூருக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில் அவள் அப்பா சிவசாமியின் கார் ரோட்டைவிட்டு இறங்கி, அவர் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவோடு ஒரு புளியமரத்தில் போய் மோதியது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இப்போது மணி பதினொன்று. உடம்பு அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தது. ஸ்டேஷன் காகிதம் போனால்தான் அறுப்பார்கள், அறுத்தால்தான் கொடுப்பார்கள். தம்பி கவியரசன் வாசலில் நின்று போனில் யாரிடமோ “இந்தா முடிஞ்சிருச்சு, இந்தா முடிஞ்சிருச்சு” என்று ஒரு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“மாடெல்லாம் வரல சார். ஓடிக்கிட்டு இருக்கும்போதே வண்டி ஆஃப் ஆயிருக்கு. அந்த இக்னிஷன் சுவிட்சே கோளாறு. கம்பெனிக்காரனே ரீகால்னு, கொண்டாங்க மாத்தித் தர்றோம்னு லெட்டர் போட்டிருக்கான்” என்று செல்போனை நீட்டினாள்.

ஏட்டு வாங்கிப் பார்த்தார். இங்கிலீஷ். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கடிதம் அவளுக்கு மனப்பாடம். எட்டு மாதத்துக்கு முன்னால் வந்தது. சுவிட்ச் தானாக அணைந்துபோகலாம், அணைந்தால் ஸ்டியரிங் இறுகும், பிரேக் கல்லாகும், ஏர்பேக் விரியாது, மாற்றித் தரும்வரை ஓட்டாதீர்கள், சாவியில் வேறெதையும் தொங்கவிடாதீர்கள். அவள் படித்துச் சொன்ன அன்றே சிவசாமி சாவிக்கொத்திலிருந்து மோட்டார் ரூம் சாவி, பீரோ சாவி, விராலிமலையில் வாங்கிய பித்தளை வேல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒற்றைச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சொன்ன பேச்சைக் கேட்கிற மனுஷர்.

கேட்காதவர்கள் திருச்சி சர்வீஸ் சென்டரில் இருந்தார்கள். சிவசாமி ஐந்து தடவை வண்டியைக் கொண்டுபோனார். பொன்னமராவதியிலிருந்து திருச்சிவரை அது நல்ல பிள்ளையாக ஓடும். அங்கே நீலச் சட்டை போட்ட ஒருவர் சாவியைத் திருகிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே இருக்கு சார், பார்ட் வந்ததும் கூப்பிடுறோம்” என்பார். ஊருக்குத் திரும்பி, கண்மாய்க்கரை ஏறும்போது பொசுக்கென்று அணைந்துவிடும். பின்னால் வருகிறவன் ஹார்ன் அடிப்பான். சிவசாமி நியூட்ரலுக்குக் கொண்டுவந்து மறுபடி திருகி, “கோவிச்சுக்கிட்டான்” என்று சிரிப்பார்.

ஊர் வேறு மாதிரிச் சிரித்தது. அறுபது வயதில் கார் வாங்கி, அறுபது வயதில் ஓட்டப் பழகியவர் வேறு. அவருடைய தம்பி தங்கமுத்து முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். “கிளட்ச்ச விடத் தெரியலன்னா எந்த வண்டியும் நிக்கத்தாண்ணே செய்யும்” என்று டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொன்னார். அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டது அமுதவல்லிக்குத் தெரியும்.

நேற்றுச் சாயங்காலம்தான் சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். பார்ட் வந்துவிட்டதாம், காலை ஒன்பது மணிக்கு வண்டி வேண்டுமாம். “ஓட்டக் கூடாதுன்னு நீங்கதானங்க எழுதியிருக்கீங்க? ஆள் விட்டுத் தூக்கிட்டுப் போங்க” என்றாள் அமுதவல்லி. அதற்குத் தனியாக எழுதிக் கேட்க வேண்டுமாம், பத்து நாளாகுமாம். “மெதுவா ஓட்டிட்டு வரச் சொல்லுங்க மேம்” என்றது அந்தக் குரல். அமுதவல்லியும் புதுக்கோட்டையில் தன் வீட்டில் இருந்தபடி அப்பாவைப் போனில் கூப்பிட்டு, “மெதுவா ஓட்டிட்டுப் போயிருங்கப்பா. நாளையோட தொல்ல விட்டுச்சு” என்றாள். அவள் அவரிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் இருளாயி உட்கார்ந்திருந்தாள். அந்த வளைவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவள். அமுதவல்லியிடம் மூன்றாவது முறையாகச் சொன்னாள்:

“வண்டி வந்த சத்தமே கேக்கல தாயி. சைக்கிள் வர்றாப்புல வந்துச்சு. அய்யா ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்க இழுத்துக்கிட்டு இருந்தாரு. அது திரும்பல. மரத்துல மோதுனதுதான் நாங் கேட்ட மொதச் சத்தம்.”

“இதை எழுதுங்க சார்” என்று வாசலுக்கு வந்த ஏட்டிடம் சொன்னாள் அமுதவல்லி.

ஏட்டு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். கெட்ட மனிதரில்லை, அந்த வாரத்தில் அவருக்கு இது நாலாவது சாவு. “கம்பெனி மேல எழுதுனா அவன் வரணும், வண்டிய சோதனைக்கு அனுப்பணும், அவன் பக்கம் நாலு வக்கீல் வருவான். மாட்டுக்கு வக்கீல் கிடையாதும்மா. எழுதுனா எழுதுனதுதான்.” பிறகு கான்ஸ்டபிளைப் பார்த்து, “சந்தோஷ், இழுத்துட்டு வந்து போட்டிருக்கிற அந்த வண்டிய ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாருப்பா” என்றார்.

சந்தோஷ் இடது பக்கமாக ஏறி உள்ளே நகர்ந்து சாவியைத் திருகினார். முதல் திருகலிலேயே பிடித்துக்கொண்டது. வலது பக்கம் அப்பளமாக நொறுங்கிப்போன அந்தக் கார், அப்பாவின் துண்டு இன்னும் சீட்டில் கிடக்க, ஸ்டேஷன் வளாகத்தில் நின்று சீராக உறுமியது.

“நல்லாத்தானே இருக்கு மேடம்” என்றார் சந்தோஷ்.

எட்டு மாதம் போன் பேசியதும், மெயில் எழுதியதும், புகார் எண்களைக் குறித்துவைத்ததும் அந்த ஒரு சொல்லில் தீர்ந்துபோனது. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. எங்கேயாவது உட்கார வேண்டும் போலிருந்தது.

“அக்கா, டாக்டர் ஒரு மணிக்குக் கெளம்பிருவாராம். அம்மா காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கல” என்றான் கவியரசன்.

அமுதவல்லி பேனாவைத் திறந்து மாட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கிக் கைப்பையில் வைத்தபோது வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு உடம்பு வந்து சேர மூன்றரை ஆகிவிட்டது. அம்மா செவந்தி அழவில்லை. கட்டிப்பிடித்து அழ வருகிற ஒவ்வொருத்தியிடமும் ஒரே வாக்குமூலத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“நாந்தான் ராத்திரி கரண்டு வந்துருச்சுன்னு எழுப்பி வயலுக்கு மோட்டார் போட அனுப்புனேன். ரெண்டு மணிக்கு வந்து படுத்தாரு. அஞ்சுக்கு எந்திரிச்சாரு. கண்ணு சொக்காம என்ன செய்யும்? நாந்தான் அனுப்புனேன்.”

பந்தலில் தங்கமுத்து அதற்கு உரை சொன்னார். “அண்ணனக் குத்தம் சொல்லல. ஸ்டியரிங் புடிச்சவனுக்குத் தெரியும், ஒரு செகண்டு அசந்தாப் போச்சு.” முப்பது வருஷம் ஓட்டியவர் சொன்னால் மறுபேச்சு உண்டா? எல்லோரும் தலையாட்டினார்கள்.

அம்மா ராத்திரித் தூக்கத்தை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். அமுதவல்லி தன் பங்குக்கு, ‘மெதுவா ஓட்டிட்டுப் போயிருங்க’ என்று சொன்னதை வைத்துக்கொண்டிருந்தாள். ஊர் அப்பாவின் கைமேல் போட்டது, ஸ்டேஷன் இல்லாத மாட்டின்மேல் போட்டது. செய்தவன் வீட்டுக்கு மட்டும் ஒரு துளி போகவில்லை. இப்படியே விட்டால் அம்மா இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறாளோ, அத்தனை வருஷமும் ராத்திரி கரண்டு வரும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்துகொள்வாள்.

நீர்மாலை எடுத்துவந்து குளிப்பாட்டிக் கோடி போர்த்தியாயிற்று. செவந்தி பாடை கட்டுகிறவரிடமும் ஆரம்பித்தாள். “நாந்தான் எழுப்பி...”

“அம்மா, அப்பா தூங்கல” என்றாள் அமுதவல்லி. “வண்டிதான் நின்னுபோச்சு. போலீஸ்லயே அப்பிடித்தான் எழுதிருக்காங்க.”

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

செவந்தி நிமிர்ந்தாள். “எங்க எழுதிருக்கு?”

வேறு வழியில்லாமல் கைப்பையைத் திறந்து நகலை எடுத்தாள். செவந்திக்குப் படிக்கத் தெரியாது. வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். மகள் கை மறுபடி நீளுவதற்குள் பந்தலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“தம்பி, இங்க வாங்க. இதப் படிங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

தங்கமுத்து வந்தார். சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். பறைக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்த நேரம், பந்தலே அமைதியாக இருந்தது. அவர் கண் முதல் வரி, இரண்டாம் வரி என்று இறங்கி, ஓரிடத்தில் நின்றது. நிமிர்ந்து அமுதவல்லியைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. வேண்டாம் சித்தப்பா என்று மட்டும் நினைத்தாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மேற்படி வாகனம் ஓடிக்கொண்டிருந்தபோது,” என்று சத்தமாகப் படித்தார், “எஞ்சின் தானாக நின்று, ஸ்டியரிங் இறுகிக்கொண்டதால் விபத்து ஏற்பட்டது.” கொஞ்சம் நிறுத்தினார். “ஓட்டுநர் தூங்கவில்லை. அவர் கடைசிவரை வண்டியைத் திருப்ப முயன்றிருக்கிறார். ஓட்டுநர்மேல் எந்தத் தவறும் இல்லை.”

இருளாயி சொன்னது அவருக்குத் தெரியாது. டிப்போவில் எத்தனையோ விசாரணைக்கு எழுதிக் கொடுத்த கை, அந்த நடை அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

“இன்னொருக்கா படிங்க” என்றாள் செவந்தி.

படித்தார். ஒரு சொல் மாறவில்லை. இரண்டாவது தடவை முடியும்போது செவந்தி சிவசாமியின் காலைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்திருந்தாள். காலையிலிருந்து அடைத்துக்கிடந்த அழுகை. பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

தங்கமுத்து காகிதத்தை நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பாடை தூக்க ஆள் கூப்பிட்டார்கள். அவர் சட்டையைக் கழற்றி, சுருட்டி, அமுதவல்லியிடம் கொடுத்தார்.

“வச்சிரு. நான் வர்ற வரைக்கும் யாருக்கிட்டயும் குடுக்காத” என்றார்.

தெருமுனைவரை போய்த் திரும்பிய பெண்கள் வாசலைக் கழுவத் தண்ணீர் சேந்தினார்கள். அமுதவல்லி சட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.