கறுப்பு லேபிள் இசைத்தட்டு

ஹர்மாரந்தா இசைக்குழு இதுவரை நான்கு தொகுப்புகள் வெளியிட்டிருக்கிறது. மேடை ஏறியதே இல்லை. அவர்களைக் கேட்பவர்கள் எங்கள் ஊரில் இரண்டு பேர் இருந்தோம். இப்போது ஒருவன்.

முதல் தொகுப்பில் கத்தல் அதிகம். யாரோ துரத்துவதுபோல டிரம்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டுகளுக்கு நடுவே மழை. என் மனைவி வில்யாவுக்கு அதில் மழை மட்டும் பிடித்தது. இரண்டாவதில், கத்துகிறவன் தூரமாகப் போய்விட்டான். கிட்டார்கள் மூடுபனிபோலப் பரவி நிற்க, பின்னாலிருந்து ஆர்கன் வருகிறது. நவம்பரில் கார் ஓட்ட ஏற்றது. நான்காவதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அது வெளிவந்தபோது வில்யா மருத்துவமனையில் இருந்தாள். நல்ல ஒலிப்பதிவு.

மூன்றாவதுதான் எங்களுடையது. ஒரே பாட்டு. இசைத்தட்டாக மட்டும் வந்தது, இணையத்தில் கிடையாது. உறை கறுப்பு, லேபிள் கறுப்பு, எழுத்தும் கறுப்பு. தொடக்கத்தில் ஒரே ஒரு தாழ்ந்த சுரம். அது நகர்வதற்குள் அடுப்பில் ஒரு விறகு எரிந்து தீர்ந்துவிடும். பிறகு ஒரு குரல், ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத ஆழத்திலிருந்து. மார்ச் மாதத்தில் ஏரி உறைந்த பனிக்கு அடியில் முனகும். "அதே சத்தம்தான். யாரோ பொறுமையா உக்காந்து எழுதியிருக்காங்க," என்பாள் வில்யா. சனிக்கிழமை சவுனாவில் நீராவிக் குளியல் முடிந்ததும், ஈரத் தலையோடு தரையில் படுத்துக் கேட்பாள்.

மருத்துவமனையில், கடைசி வாரத்தில் சொன்னாள்: "சர்ச்சுல அந்தப் பாட்டு வேணும். அம்மாவுக்காக ஒரு துதிப்பாடல், அது போதும்."

சரி என்றேன். அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை.

ஹர்மாரந்தாவில் ஆர்கன் வாசிப்பவன் தானெலி. எங்கள் தேவாலயத்தின் இசைப் பொறுப்பும் அவனுடையதே. இது ஊருக்கே தெரியும், யாரும் பேசுவதில்லை. அடக்க ஆராதனையில் என்ன இசை என்பதை அவன்தான் தீர்மானிப்பான். தேவாலயத்தில் மனிதர்தான் வாசிக்க வேண்டும், பதிவை ஓட்டக் கூடாது. அதில் அவன் கறார்.

போய்க் கேட்டேன். அவன் முகம் சிவந்தது.

"இந்த ஊர்ல அத வாங்கினது நீதானா? எங்கம்மாகூட வாங்கலடா."

"நானும் வில்யாவும்."

"உக்காரு. வாசிக்கிறேன்."

வாசித்தான். அழகாக இருந்தது, காலை வெளிச்சம்போல. எங்கள் பாட்டு அது இல்லை.

"இது இல்ல," என்றேன்.

"எழுதினவன் நான்டா."

"இன்னும் மெதுவா. கீழயும்."

"ஓட்சோ, இதுக்கு மேல மெதுவாப் போனா ஆர்கன் தூங்கிடும்."

மறுநாள் இசைத்தட்டை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டில் வைப்பதுபோலவே வைத்தேன். தானெலி தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகு சிரித்துவிட்டான். வாயைப் பொத்திக்கொண்டான், அப்படியும் அடங்கவில்லை.

"நிமிஷத்துக்கு முப்பத்து மூணு சுத்துல ஓடுதுடா. இது நாப்பத்தஞ்சு!"

"எங்க போட்டிருக்கு?"

"லேபிள்லயே."

ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தோம். இருந்தது. கறுப்பின் மேல் கறுப்பாக.

"எவன் இப்படி அச்சடிச்சது?"

"நாங்கதான். பாக்க நல்லா இருந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பாடினது என் தங்கச்சி. அவளப் போய்க் கரடியாக்கி வெச்சிருக்கீங்க. வேற யார் பாட்டா இருந்தாலும் அரை நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பீங்க. எங்க பாட்டுல யாருக்கும் தெரியாது."

வில்யா இருந்திருந்தால் தரையில் உருண்டு சிரித்திருப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரியான வேகத்துலயே வாசிக்கிறேன். அதுதான் பாட்டு," என்றான்.

"அவ அதக் கேட்டதே இல்ல."

"அப்ப அவ கேட்டது என் பாட்டே இல்லியே."

"இல்லதான். ஆனா அவளுக்கு வேணும்னது அதான்."

தானெலி கோட்டை மாட்டிக்கொண்டு தேவாலயத்துக்கு நடந்தான். நானும் போனேன். ஆர்கனில் அமர்ந்து கீழே, இன்னும் கீழே என்று தேடினான். காலால் மிதிக்கும் கட்டைகளின் இடது ஓரம்வரை போனான். அதற்கப்பால் வெறும் மரச்சட்டம். எங்கள் பாட்டின் முதல் சுரம் அந்தச் சட்டத்துக்கும் அப்பால் இருந்தது.

"இதுல அது இல்ல," என்றான். காலைக் கட்டைகளிலிருந்து எடுத்தான். "தட்டக் கொண்டு வா. பாதிரியார்கிட்ட நான் பேசிக்கிறேன்."

மாமியார் ஐரா தொலைபேசியில் கேட்டாள்: "எவ்வளவு நேரம் ஓடும்?"

"நீளம்தான்."

"அடக்கத்துக்கு அப்புறம் குடுக்குற காபி ஆறிடுமே."

"ஆறிடும்."

"அவளுக்குப் பிடிச்சதா?"

"ஆமா."

"அப்ப ஆறட்டும்."

அடக்க நாள். வெள்ளைச் சவப்பெட்டி. ஒவ்வொருவராகப் போய்ப் பூ வைத்து, அட்டையில் எழுதியதை உரக்க வாசித்துத் தலைகுனிந்தார்கள். என் அட்டையில் அவள் பெயர் மட்டும் இருந்தது. வாசித்தேன். துதிப்பாடல் முடிந்ததும் தானெலி ஆர்கன் மாடத்திலிருந்து இறங்கி வந்தான். பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் இசைத்தட்டு ஓட்டும் ஒரு சுழல்மேசையும் இசைக்குழுவின் பெரிய ஒலிபெருக்கியும். தன் சட்டத்தைத் தானே மீறி, அவன் கையாலேயே ஊசியை வைத்தான்.

முதல் சுரம் காதில் விழவில்லை. பெஞ்சின் மரம் வழியாக ஏறி வந்தது. மலர் வளையங்களின் ரிப்பன்கள் நடுங்கின. குரல் வந்ததும் ஐரா என் பக்கம் சாய்ந்தாள்.

"ஆம்பளையா?"

"தானெலியோட தங்கச்சி."

"பாவம், சளி புடிச்சிருக்கு."

ஒரு தடவையாவது அழுதுவிடுவேன் என்று நினைத்திருந்தேன். அழுகை வரவில்லை. முழுவதையும் கேட்டேன்.

பாட்டு முடிந்தது. ஊசி உள்வட்டத்தில் நிற்க, தட்டு டிக் டிக் என்று சுற்றியது. மனிதர் வாசித்தால் கை எடுப்பது தெரியும், எழுந்துவிடலாம். இது முடிந்ததா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் அமர்ந்திருந்தார்கள். யாரோ இருமினார்கள். சத்தம் நின்றால் பெட்டியைத் தூக்க வேண்டும். தானெலி கையைத் தொங்கவிட்டபடி சுழல்மேசை அருகே நின்றான். ஊசியைத் தொடவில்லை. என்னைப் பார்த்தான்.

எழுந்து போய் ஊசியைத் தூக்கினேன்.

பெட்டியைத் தூக்கும் மற்றவர்கள் வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். தலைப்பக்கம் கணவனுக்கு. தூக்கும் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டேன். தூக்கினோம்.

கனமாக இருந்தது.