மாங்காய் கேட்டால் மயில்

1
இந்தக் கதை என் மனைவி பிரிசில்லா சாப்பாட்டு மேசையில் புலம்பியதிலிருந்து வந்தது. அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டாள்.

தொடக்கம்: சிவாஜிநகர் துணிக்கடை மாடியில் ஓர் எந்திரம் தனக்குள்ளே

(வேண்டாம். எந்திரத்துக்கு உயிர் கொடுக்கிற வேலை எனக்கு ஒத்துவராது.)

நேராகவே சொல்கிறேன். பிரிசில்லா எம்பிராய்டரி எந்திரங்களுக்கு மென்பொருள் எழுதுகிறாள். ஒவ்வொரு டிசைனுக்கும் அவளுடைய புரோகிராம் புதுக் கட்டளைகளை மெமரியில் தானே எழுதி ஓட்டும். எந்திரத்தின் புது சர்க்யூட் போர்டில் மட்டும், மாங்காய் டிசைன் கேட்டால் முந்தைய மயிலையே தைத்தது. பிராசசர் வேகத்துக்காகப் பழைய கட்டளைகளின் நகலைத் தன் கேஷ் மெமரியில் வைத்திருக்கும். அதைக் காலி செய்யச் சொல்லி, சிஸ்டம் கால் மூலம் ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கேட்க வேண்டும். அவள் கேட்டுத்தான் இருந்தாள்.*

* இந்தப் பத்தியை அவள் மூன்று இடத்தில் திருத்தினாள். இன்னும் திருப்தியில்லை.

2
புது போர்டை ஓட்டிக் காட்டும் டெமோ சொதப்பினால் அவள் எழுதிய பகுதியையே எடுத்துவிடுவேன் என்று மேலாளர் மங்களம் சொல்லியிருந்தார். கூட வேலை செய்யும் ஹரிஷ் புரோகிராம் நடுவில், திரையில் எதையோ காட்டச் சொல்லும் ஒரு பிரிண்ட் வரி சேர்த்தான். மாங்காய் வந்துவிட்டது. பிரிண்ட் செய்யும் சந்தடியில் கேஷிலிருந்த பழசு தற்செயலாக வெளியே போயிருக்கிறது. அடுத்த முறையும் போகும் என்பதற்கு யாரும் ஜவாப்தாரி இல்லை.

"அந்த லைன் இருக்கட்டும், பிரிசில்லா. டெமோ முடியட்டும், ஆமேலே பாத்துக்கலாம்," என்றான் ஹரிஷ், பாதி கன்னடத்தில்.

இந்தக் கதையின் முதல் பிரதியில் ஹரிஷை வில்லனாக்கியிருந்தேன். "அவன் பாவம்ப்பா. எனக்கும் அப்படியே விட்டுடலாம்னுதான் இருந்துச்சு," என்றாள். அந்த வரிகளை அடித்துவிட்டேன். கதையில் இப்போது வில்லனே கிடையாது.

3
தப்பு அவளுடையது. பழைய போர்டில் அந்த சிஸ்டம் காலுக்கு, மெமரியில் எங்கிருந்து, எவ்வளவு காலி செய்ய என்று சொல்ல வேண்டும். புதியதில் எங்கிருந்து, எதுவரை. பழைய வரியையே ஒட்டியிருக்கிறாள். சிஸ்டம் ஒவ்வொரு முறையும் முடியாது என்று பதில் அனுப்பியிருக்கிறது. அதைத்தான் யாரும் பார்க்கவில்லை.

டெமோ அன்று காலை இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தாள். பிரிண்ட் வரியையும் தூக்கினாள். ஹரிஷுக்கு முகமே வெளுத்துவிட்டதாம்.

4
முடிவு, ஒன்று: மங்களத்தின் கண்ணெதிரே மயில் வருகிறது. பிரிசில்லா பையை எடுத்துக்கொண்டு

"இதை எதுக்கு எழுதுற?"

"கதைன்னா கடைசியில ஒரு அடி விழணும்ல."

"நான் சரியா பண்ணேன், ஆண்டனி. அது உனக்குப் போதலையா?"

போதும். மங்களம் மாங்காய் கேட்டார், மாங்காய் வந்தது. அன்று அவள் சந்தோஷமாக இருந்தாள், நானும்தான். இதற்குமேல் ஒரு முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதில் அவள் தோற்றால் என்னிடம் காட்ட வேண்டாம்.