நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை

அலுவலகத்தில் அவனுக்குச் சல்லடை என்று பெயர். அங்கே உருவாகும் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத் தொகுப்பில் கட்டற்ற நிரல்களுக்கு மட்டும்தான் இடம். யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று நிரலை எழுதியவரே ஓர் அனுமதிக் கோப்பு வைத்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் தங்கத்தில் செய்த நிரலாக இருந்தாலும் வெளியேதான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தக் கோப்பைத் தேடுவது அவன் வேலை.

புதிய பதிப்பின் பட்டியலில் அனுமதி இல்லாமல் மிச்சமிருந்தது ஒரே ஒரு நிரல். அவனுடைய அண்ணன் எழுதியது. தம்பி உட்கார்ந்தே முதுகைக் கெடுத்துக்கொள்கிறான் என்று அவனுக்காகச் செய்தது. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை அண்ணன் குரலிலேயே, "போதும்டா, எந்திரி" என்று சொல்லும். யார் யாரோ கேட்டுப் பிடித்துப்போய், தொகுப்பிலேயே சேர்க்கச் சொல்லியிருந்தார்கள்.

ஆறு மாதத்துக்கு முன்பே அண்ணனுக்கு முறைப்படி கடிதம் எழுதியிருந்தான். எடுத்துக்கொள் என்று நானே சொல்கிறேனே, வாய்வார்த்தை போதாதா என்று அண்ணன் சிரித்தார். போதாது என்றான். நாளைக்கு எழுதுகிறேன் என்றார். அவருடைய நாளைகளுக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. மூன்று வாரத்துக்கு முன்பு மாரடைப்பில் போய்விட்டார்.

அவன் அழவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசியின் வேகம் இன்னும் இறங்காத மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது. அந்த நிரலை நிறுத்தவும் இல்லை. குரல் எந்திரி என்றது, எழுந்தான். பிறகு உட்கார்ந்தான்.

இனி அனுமதி தர வேண்டியவர் அண்ணி. பட்டியல் மூட இரண்டு நாள் இருக்கையில் தாளோடு போனான். அவன் விளக்கியதையெல்லாம் கேட்ட அண்ணி, பேனாவைத் திறந்தார். பிறகு மூடினார்.

"ஆஸ்பத்திரி, பேங்க், ஆபீஸ்னு மூணு வாரமா கையெழுத்துதான் போடறேன், தம்பி. ஒவ்வொண்ணுக்கும் அவர் கொஞ்சம் கொஞ்சமா இல்லாமப் போறார். இது ஒண்ணாவது அவர்கிட்டயே இருக்கட்டும்."

சரி அண்ணி என்றான். தாளை மடித்துப் பையில் வைத்தான். படியிறங்கி, சரியான பேருந்திலேயே ஏறி வீடு வந்து சேர்ந்தான்.

கடைசி நாள் மதியம் மேலாளர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சொந்த அண்ணன் எழுதியது, யார் கேட்கப் போகிறார்கள், காதும் காதும் வைத்த மாதிரி உள்ளே விட்டுவிடேன் என்றார். அவனுக்கும் ஆசைதான், இல்லையென்று சொன்னால் பொய்.

"அவர் உயிரோட இருந்து சொன்னப்பவே மாட்டேன்னுட்டேன், சார். இப்ப விட்டா, அன்னிக்கு எதுக்கு மாட்டேன்னேன்?"

மேலாளர் எழுந்து போய்விட்டார். அவன் நீக்கும் பொத்தானை அழுத்தினான். திரை காரணம் கேட்டது. தேர்ந்தெடுக்க நான்கு வரிகள் இருந்தன. இறந்துவிட்டார் என்று ஒன்றும் இல்லை. பொருந்தியது ஒன்றுதான்: 'ஆசிரியரிடமிருந்து பதில் இல்லை.' அதைத் தேர்ந்தெடுத்தான். பட்டியலிலிருந்து அண்ணன் பெயர் போனது.

அப்போது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

"போதும்டா, எந்திரி."

"இருண்ணா," என்றான் வாய்விட்டு. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் எழப் பார்த்தான். கால் வரவில்லை.